கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி: செயலித் தரவுகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கச் செய்வது எப்படி?

வீட்டில் இரண்டு கைப்பேசியும் ஒரு மடிக்கணினியும் இருந்தாலே தரவு சிதறத் தொடங்கிவிடுகிறது. ஒன்றில் சேமித்த எண் மற்றொன்றில் இல்லை. மடிக்கணினியில் திருத்திய குறிப்பு கைப்பேசியில் பழையபடியே நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரே பெயர் தொடர்புப் பட்டியலில் மூன்று முறை வருகிறது. இவற்றைச் சரிசெய்ய 'சிங்க்' என்ற பொத்தானை அழுத்தினால் போதும் என்று நினைப்பவர்களே மிகுதி. ஆனால் எந்தத் தரவுக்கு எது மூலப் பிரதி என்று முடிவு செய்யாமல் அந்தப் பொத்தானை அழுத்துவதால்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

ஒத்திசைவும் (சிங்க்) காப்புப் பிரதியும் (பேக்அப்) வெவ்வேறு வேலைகள். ஒத்திசைவு ஓர் இடத்தில் நடந்த மாற்றத்தை மற்ற எல்லா இடங்களுக்கும் கொண்டுபோகிறது. அழித்தலும் ஒரு மாற்றம்தான் என்பதால், கைப்பேசியில் தவறுதலாக நீக்கிய தொடர்பு சில நொடிகளில் டேப்லெட்டிலிருந்தும் மறைந்துவிடும். காப்புப் பிரதி அப்படி அசைவதில்லை. எடுத்த நாளில் இருந்த நிலையை அப்படியே வைத்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் படியே காப்புப் பிரதி எடுப்பதுதான். அதைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

படி 1: எதையும் தொடும் முன் நகலெடுங்கள்

ஆண்ட்ராய்டில் கூகுளின் கான்டாக்ட்ஸ் செயலியைத் திறந்து, 'ஆர்கனைஸ்' பகுதியில் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், எல்லாத் தொடர்புகளும் ஒரே விசிஎஃப் (தொடர்பு விவரங்களுக்கான கோப்பு வகை) கோப்பாகச் சேமிக்கப்படும். ஒவ்வொரு கைப்பேசியிலும் தனித்தனியே இதைச் செய்து, எந்தக் கைப்பேசியினுடையது என்று பெயரிட்டு, ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். குறிப்புகள், நாட்காட்டி போன்றவை கூகுள் கணக்கில் இருந்தால் 'கூகுள் டேக்அவுட்' வழியாக மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு அதன் அமைப்புகளில் உள்ள 'சாட் பேக்அப்' போதும். இந்த நகல்கள் தேவைப்படாமலே போகலாம். ஆனால் இரண்டு பட்டியல்களை இணைக்கும்போது ஏதாவது பிசகினால் திரும்பிச் செல்ல இவைதான் உறுதியான வழி.

படி 2: எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

செயலிகளின் தரவை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரிதும் குறையும். முதல் வகையில் மூலப் பிரதி நிறுவனத்தின் சேவையகத்தில், அதாவது இணையம் வழியாக எட்டும் அதன் கணினியில், இருக்கும். கைப்பேசியில் இருப்பது அதன் பிம்பம் மட்டுமே. கூகுள் தொடர்புகள், நாட்காட்டி, கூகுள் கீப் குறிப்புகள், டெலிகிராமின் வழக்கமான உரையாடல்கள் ஆகியவை இந்த வகை. டெலிகிராமிலேயே 'சீக்ரெட் சாட்' மட்டும் விதிவிலக்கு. அது தொடங்கிய கருவியைத் தாண்டி வராது.

இரண்டாம் வகையில் மூலம் உங்கள் கைப்பேசி. வாட்ஸ்அப் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாம் வகையில் மூலம் ஒரு கோப்பு: கடவுச்சொல் பெட்டகம் (எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைக்கும் கோப்பு), எழுத்துக் குறிப்புகள் உள்ள கோப்புறை, எக்செல் தாள்கள். முதல் வகைக்குச் சரியான கணக்கில் நுழைவதே வேலை. இரண்டாம் வகைக்குக் கருவிகளை இணைப்பது வேலை. மூன்றாம் வகைக்கு மட்டுமே தனியாக ஒத்திசைவுக் கருவி ஒன்று வேண்டும். மூன்றுக்கும் ஒரே தீர்வைத் தேடுபவர்கள் அலைவது இதனால்தான்.

படி 3: தொடர்புகளை ஒரே கணக்கில் சேருங்கள்

நம் ஊரில் புதுக் கைப்பேசி வாங்கும்போது கடைக்காரரே ஒரு புது ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. அதன் கடவுச்சொல் வாங்கியவருக்கு நினைவிருப்பதில்லை. அடுத்த கைப்பேசியில் இன்னொரு கணக்கு. இப்படியே சில எண்கள் பழைய கணக்கிலும், சில புதியதிலும், சில சிம் அட்டையிலும், சில கைப்பேசியின் உள் நினைவகத்திலும் கிடக்கின்றன. பட்டியலில் எல்லாம் கலந்து தெரிவதால் இந்தப் பிரிவு கண்ணுக்குப் படாது. சிம்மிலும் உள் நினைவகத்திலும் இருப்பவை கூகுள் கணக்கோடு தாமாக ஒத்திசைவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதலில் எந்தக் கணக்கு நிலைக்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்த, மீட்பு எண் உங்கள் பெயரில் இயங்குகிற கணக்காக அது இருக்க வேண்டும். மற்றக் கணக்குகளைக் கவனியாமல் விட்டுவிடவும் கூடாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023-இல் கொண்டுவந்தது. அதில் கிடக்கும் எண்களை அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, கான்டாக்ட்ஸ் செயலியின் அமைப்புகளுக்குச் சென்று, கருவியில் சேமித்த தொடர்புகளையும் கணக்கோடு ஒத்திசைக்கும் தெரிவை இயக்குங்கள். சிம்மில் உள்ளவற்றை இறக்குமதி செய்ய அதே செயலியில் தனி வசதி உண்டு. இறக்குமதி செய்யும்போது எந்தக் கணக்குக்கு என்று கேட்கும் இடத்தில் நீங்கள் முடிவு செய்த கணக்கையே காட்டுங்கள். சிம்மில் சேமித்த நீளமான பெயர்கள் வெட்டுப்பட்டு வந்திருக்கலாம். அவற்றைக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய கணக்குகளில் உள்ளவற்றை விசிஎஃப் கோப்பாக எடுத்து இந்தக் கணக்கில் இறக்குங்கள்.

இப்போது ஒரே பெயர் பலமுறை தெரியும். ஒன்றாக இணைக்கச் சொல்லும் 'மெர்ஜ்' பரிந்துரைகளை மொத்தமாக ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு முருகன்கள், ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் சித்தப்பா, இருக்கிற பட்டியலில் பெயரை மட்டும் நம்பி இணைத்தால் பிறகு பிரிப்பது சிரமம். தவறிவிட்டால், கணினி உலாவியில் கூகுள் கான்டாக்ட்ஸ் தளத்தைத் திறந்து, அமைப்புகளில் 'அன்டூ சேஞ்சஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கடந்த 30 நாட்களுக்குள் எந்த நேரத்தில் இருந்த நிலைக்கும் திரும்பலாம். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

கடைசியாக, புதிய தொடர்புகளுக்கான இயல்புக் கணக்கை இதே கணக்காக மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் நாளைக்குச் சேமிக்கும் எண் மறுபடி சிம்முக்கோ கைப்பேசிக்கோ போகும், சிதறல் புதிதாகத் தொடங்கும். ஐபோன் வைத்திருப்பவர்களும் இதே கூகுள் கணக்கைத் தொடர்புகளுக்கான கணக்காகச் சேர்த்து, இயல்புக் கணக்காக ஐகிளவுடுக்கு (ஆப்பிளின் இணையச் சேமிப்பகம்) பதில் அதை வைத்துக்கொண்டால், ஆண்ட்ராய்டும் ஐபோனும் கலந்த வீட்டில் தொல்லை இராது.

படி 4: படங்கள்

இங்கே அமைப்பது எளிது. புரிந்துகொள்ளாமல் அழிப்பதில்தான் ஆபத்து. கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி (பெயர்தான் அப்படி, நடப்பது ஒத்திசைவைப் போன்றது) இயங்கும்போது, செயலிக்குள் ஒரு படத்தை நீக்கினால் அது கைப்பேசியிலிருந்தும் இணையத்தில் உள்ள மேகச் சேமிப்பகத்திலிருந்தும் சேர்ந்தே போகும். இடம் மட்டும் வேண்டுமென்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அது ஏற்கெனவே மேலேறிய படங்களின் கைப்பேசிப் பிரதியை மட்டும் நீக்கும். தவறுதலாக நீக்கிய, காப்புப் பிரதியெடுக்கப்பட்ட படங்கள் குப்பைத்தொட்டியில் 60 நாட்கள் இருக்கும். ஐகிளவுட் போட்டோஸில் ஒரு கருவியில் நீக்கினால் எல்லாக் கருவிகளிலும் நீங்கும். மீட்க 30 நாட்கள் அவகாசம் உண்டு.

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் பொதுவானது. 2021 ஜூன் முதல் 'உயர்தரம்' என்று சுருக்கிச் சேமிக்கும் படங்களும் இந்த 15 ஜிபி அளவில் சேர்கின்றன. ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டுமே. இடம் நிரம்பிவிட்டால் படங்கள் மேலேறுவது சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது, கூகுளில் மின்னஞ்சல் வருவதும் நிற்கும். ஒத்திசைவு பழுதாகிவிட்டதாகச் சொல்லப்படும் பல நேரங்களில் காரணம் இந்த நிரம்பல்தான்.

படி 5: வாட்ஸ்அப்

முதன்மைக் கைப்பேசியில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குச் சென்று, கணினியிலோ இரண்டாம் கைப்பேசியிலோ தெரியும் க்யூஆர் குறியீட்டைப் படம்பிடித்தால் போதும். நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். முதன்மைக் கைப்பேசி அணைந்திருந்தாலும் அவை இயங்கும். ஆனால் அதை 14 நாட்கள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் இணைத்த கருவிகள் வெளியேற்றப்படும். ஊருக்குப் போகும்போது பழைய எண் உள்ள கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளட்டும். டிரைவிலோ ஐகிளவுடிலோ சேரும் வாட்ஸ்அப் காப்புப் பிரதி, கருவிகளுக்கு இடையே ஒத்திசைவதற்கு உதவாது. புதுக் கைப்பேசியில் மீட்பதற்கு மட்டுமே அது. அதையும் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ இட்டுப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சாவியைத் தொலைத்தால் திறக்க யாராலும் முடியாது.

படி 6: கோப்புகளுக்குச் சிங்திங்

மூன்றாம் வகைக்கு வருவோம். டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எதுவும் இந்த வேலையைச் செய்யும். நான் பரிந்துரைப்பது சிங்திங் என்ற திறமூல (நிரல் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கும்) மென்பொருளை. இதில் உங்கள் கோப்புகள் எந்த நிறுவனத்தின் சேவையகத்திலும் தங்குவதில்லை; ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு, இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டு, நேரடியாகச் செல்கின்றன. கட்டணமில்லை, அளவுக்கு வரம்பும் இல்லை. அதற்கான விலை ஒன்று உண்டு: நடுவில் யாரும் கோப்பை வாங்கி வைத்திருப்பதில்லை என்பதால், இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்கி இணையத்திலோ ஒரே வைஃபையிலோ இருந்தால்தான் மாற்றங்கள் கைமாறும். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுக் கைப்பேசியில் திருத்தினால், அடுத்த முறை இரண்டும் சந்திக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஐபோனில் பின்னணிச் செயல்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால் இந்த முறை அங்கே அவ்வளவாகப் பொருந்தாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் மேகச் சேமிப்பகத்தோடு இருப்பதே நல்லது.

மடிக்கணினியில் சிங்திங்கை நிறுவி இயக்கியதும், உலாவியில் 127.0.0.1:8384 என்ற முகவரியில் அதன் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். இது உங்கள் கணினிக்குள்ளேயே இயங்கும் பக்கம்; இணையத்தில் உள்ளதன்று. ஆண்ட்ராய்டில் அதிகாரப்பூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், தன்னார்வலர்கள் பேணிவரும் சிங்திங்-ஃபோர்க் என்ற செயலியை நிறுவுங்கள். மடிக்கணினிப் பக்கத்தில் 'ஆக்‌ஷன்ஸ்' பட்டியலில் 'ஷோ ஐடி' என்பதை அழுத்தினால், ஏழேழு எழுத்துகளாக எட்டுத் தொகுதிகள் கொண்ட நீண்ட அடையாளமும் அதற்கான க்யூஆர் குறியீடும் தெரியும். கைப்பேசிச் செயலியில் கருவி சேர்க்கும் இடத்தில் அதைப் படம்பிடித்ததும், மடிக்கணினிப் பக்கத்தில் 'இந்தக் கருவி இணைய விரும்புகிறது' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். அதை ஏற்றால்தான் இணைப்பு முழுமை பெறும். இரு பக்கமும் சம்மதிக்காமல் எதுவும் நகராது.

பிறகு மடிக்கணினியில் ஒரு புதுக் கோப்புறையைச் சேர்த்து, பகிரும் இடத்தில் கைப்பேசியைத் தேர்ந்தெடுங்கள். முதல் முயற்சிக்கு வெறும் கோப்புறையையே பயன்படுத்துங்கள். வாழ்நாள் ஆவணங்களை அல்ல. சேமிக்கும் முன், பழைய பதிப்புகளை எடுத்து வைக்கும் 'ஃபைல் வெர்ஷனிங்' பகுதிக்குச் சென்று 'டிராஷ் கேன்' அல்லது 'ஸ்டாகர்டு' என்பதை இயக்குங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: வேறொரு கருவியிலிருந்து வந்த மாற்றத்தாலோ அழிப்பாலோ போகிற பிரதிகளை மட்டுமே இது பாதுகாக்கும், அதே கணினியில் நீங்களே அழித்ததை அங்கே தேடினால் கிடைக்காது. எனவே இரு கருவிகளிலும் இதை இயக்க வேண்டும். அப்போது ஒன்றில் அழித்தது மற்றொன்றின் பழைய பதிப்புகளில் கிடைக்கும்.

கைப்பேசியில் கேமரா கோப்புறையை 'சென்ட் ஒன்லி' என்று வைத்தால் படங்கள் கணினிக்கு வந்துகொண்டே இருக்கும், கணினியில் செய்யும் குளறுபடி கைப்பேசியைப் பாதிக்காது. ஆயினும் கைப்பேசியில் அழித்த படம் கணினியிலும் அழியும். 'அனுப்புவது மட்டும்' என்றால் அழிப்பையும் சேர்த்தே அனுப்பும். படங்களைக் கணினியில் நிரந்தரமாக வைக்க வேண்டுமானால் வந்தவற்றை மாதம் ஒரு முறை வேறு கோப்புறைக்கு நகலெடுத்துவிடுங்கள்.

இதன் மிகச் சிறந்த பயன் கடவுச்சொற்களில் தெரியும். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் ஆகிய இரண்டும் ஒரே வகையான பெட்டகக் கோப்பைத் திறக்கும். அந்த ஒற்றைக் கோப்பைச் சிங்திங் கோப்புறையில் வைத்தால் எல்லாக் கடவுச்சொற்களும் இரு இடத்திலும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வரவு செலவுக் கணக்கு மென்பொருள்களின் தரவுக் கோப்புறையை, மென்பொருள் திறந்திருக்கும்போதே டிரைவிலோ சிங்திங்கிலோ ஒத்திசைய விடும் பழக்கம் சிறு கடைகளிலும் அலுவலகங்களிலும் காணப்படுகிறது. அத்தகைய தரவு ஒன்றோடொன்று தொடர்புள்ள பல கோப்புகளாக இருக்கும். பாதி எழுதிய நிலையில் ஒன்று புதிதாகவும் ஒன்று பழையதாகவும் போய்ச் சேர்ந்தால் மொத்தமும் திறக்காமல் போகலாம். இருவர் ஒரே நேரத்தில் பதிவிட வேண்டுமானால் அந்த மென்பொருளின் பலர் பயன்படுத்தும் பதிப்பை வாங்குங்கள். ஒருவர்தான் என்றால், மென்பொருளுக்குள் இருக்கும் காப்புப் பிரதி வசதியால் உருவாகும் கோப்பை மட்டும் ஒத்திசையுங்கள்.

படி 7: மோதல்களைத் தீர்ப்பது

இரண்டு கருவிகளும் தொடர்பற்றிருந்தபோது ஒரே கோப்பை இரண்டிலும் திருத்தினால் மோதல் உண்டாகும். சிங்திங் இரண்டில் ஒன்றை அழிப்பதில்லை. பழைய திருத்த நேரம் உள்ளதன் பெயரில் 'சிங்க்-கான்ஃபிளிக்ட்' என்ற சொல்லையும் தேதியையும் சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கும். டிராப்பாக்ஸும் ஏறக்குறைய இப்படித்தான் செய்யும். கோப்புறையில் அந்தச் சொல்லை அவ்வப்போது தேடிப் பார்க்க வேண்டும். எழுத்துக் கோப்பென்றால் இரண்டையும் திறந்து ஒப்பிட்டுச் சேர்க்கலாம். கடவுச்சொல் பெட்டகமென்றால் கீபாஸ்எக்ஸ்சியில் சரியான கோப்பைத் திறந்து, 'டேட்டாபேஸ்' பட்டியலில் உள்ள இணைக்கும் வசதியின் வழியாக மோதல் கோப்பைக் காட்டினால் இரண்டிலும் உள்ள பதிவுகள் ஒன்றாகும். பிறகே மோதல் கோப்பை நீக்க வேண்டும்.

எது புதியது என்பதைத் திருத்திய நேரம் தீர்மானிப்பதால், ஒரு கருவியின் கடிகாரம் தவறாக ஓடினால் தவறான கோப்பு வெல்லும். எல்லாக் கருவிகளிலும் தேதியையும் நேரத்தையும் தானியங்கியாக வையுங்கள். உள்ளே கடிகாரத்துக்கான சிறு மின்கலம் செத்துப்போன பழைய மேசைக் கணினியில் இது அடிக்கடி பிசகும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொதுமுறையான யூனிகோடில் 'கோ' என்பதை இருவகையாகப் பதியலாம்: ககரத்துக்குப் பின் 'ோ' என்ற ஒரே குறியாக, அல்லது 'ே', 'ா' என்ற இரண்டு குறிகளாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஆப்பிளின் மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பிரித்து எழுதும் முறையைப் பின்பற்றியதால், அங்கிருந்து வந்த 'கோவில் கணக்கு' என்ற கோப்புறை விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் 'கோவில் கணக்கு' என்ற கோப்புறையோடு சேராமல் இரட்டையாக நிற்கக்கூடும். சிங்திங் இதை இயல்பாகவே சரிசெய்துகொள்கிறது. பென் டிரைவ், ஜிப் கோப்பு வழியாகக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். அதுபோல் லினக்ஸில் '10:30 கூட்டம்' என்று பெயரிட்ட கோப்பு விண்டோஸுக்கு வந்து சேராது, ஏனெனில் அங்கே பெயரில் முக்காற்புள்ளிக்கு இடமில்லை.

படி 8: ஒத்திசைவு நிற்காமல் பார்ப்பது

ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில், அதிலும் ஷாவ்மி, விவோ, ஒப்போ போன்றவற்றில், மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டுப் பின்னணிச் செயலிகளை அமைப்பு நிறுத்திவிடும். ஒத்திசைய வேண்டிய செயலிக்கு மின்கலக் கட்டுப்பாட்டை நீக்கி, 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி கொடுங்கள். கணக்குகளுக்கான பகுதியில் தானியங்கி ஒத்திசைவு இயங்குகிறதா என்றும் பாருங்கள். மின்கலச் சேமிப்பு முறையை இயக்கும்போது அது நின்றுவிடலாம். தரவுச் செலவைக் குறைக்க வைஃபையில் மட்டும் ஒத்திசையும்படி வைத்திருந்தால், வெளியில் இருக்கும்போது மாற்றங்கள் போகாது என்பதை எதிர்பார்த்திருங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு சோதித்துப் பாருங்கள். கைப்பேசியில் ஒரு பொய்த் தொடர்பைச் சேர்த்து மற்றக் கருவிகளில் வருகிறதா என்று பார்த்து, மற்றொன்றில் அதன் எண்ணை மாற்றி முதலாவதில் மாறுகிறதா என்று பார்த்து, பின்பு நீக்கிப் பாருங்கள். சேர்த்தல் மட்டும் வேலை செய்கிறது என்று திருப்தியடைந்தால் பாதிச் சோதனைதான் நடந்தது. விமானப் பயன்முறையில் இரு கருவிகளிலும் ஒரே குறிப்பைத் திருத்தி, பின் இணைத்து, அந்தச் செயலி மோதலை எப்படிக் கையாள்கிறது என்பதையும் முக்கியமற்ற ஒரு குறிப்பில் இப்போதே கண்டுகொள்ளுங்கள். சில செயலிகள் ஒன்றைச் சொல்லாமலே விழுங்கிவிடும்.

இவ்வளவும் ஒரே கணக்கில் தொங்குவதால் அந்தக் கணக்கை இழந்தால் எல்லாம் போகும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் பத்து மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கைப்பேசி தொலைந்த நாளில், அதே கைப்பேசிக்கு வரும் ஓடிபியை நம்பியிருக்க முடியாது.

படி 9: பழைய கருவியை விலக்குவது

பழைய கைப்பேசியை விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ போகிறவர்கள், கணக்கு உள்ளேயே இருக்கும்போது தொடர்புகளையும் படங்களையும் ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்துவிடுவதுண்டு. ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருப்பதால் புதுக் கைப்பேசியிலும் அவை அழிந்துகொண்டே வரும். சரியான வரிசை இதுதான்: புதுக் கருவியில் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்யுங்கள், சிங்திங்கில் பழைய கருவியை மற்றக் கருவிகளின் பட்டியலிலிருந்து நீக்குங்கள், வாட்ஸ்அப்பைப் புதுக் கைப்பேசிக்கு மாற்றுங்கள், அதன்பின் பழையதன் அமைப்புகளுக்குச் சென்று கூகுள் கணக்கை நீக்குங்கள். கணக்கை நீக்குவதால் அந்தக் கருவியில் உள்ள பிம்பம் மட்டுமே போகும், சேவையகத்தில் உள்ள மூலம் அப்படியே இருக்கும். கணக்கை நீக்காமல் கைப்பேசியை வேறு வழியில் அழித்து மீட்டமைத்தால், வாங்கியவர் அதை இயக்கும்போது உங்கள் பழைய கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்டு நிற்கும். கணக்கு போன பிறகு அமைப்புகளுக்குள்ளிருந்தே முழு மீட்டமைப்பைச் செய்து, சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொண்டு கைப்பேசியைக் கொடுக்கலாம்.